வாயில் ஏலக்காய்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் சிறைக்குள் போவேன். வாசலில் என் பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே பெண்கள் பகுதியில் ஒரு தையல் அறை உண்டு. அங்கிருந்து ஓர் ஊசியும் ஒரு வெள்ளை நூல்கண்டும் எடுத்து வார்டர் என் கையில் கொடுப்பார். திரும்பும்போது ஊசியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். என் பாடத்துக்கு வேண்டிய சாமான் அவ்வளவுதான்.

பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். எட்டுப் பேர் இருப்பார்கள், சில வாரம் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தியும் ஊசியில் நூல் கோர்த்து, உருவி, அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். கோர்க்கும்போது பேசலாம், பேசாமலும் இருக்கலாம். குடியை விட்டுப் பத்துப் பதினைந்து நாளான கை ஊசியோடு சண்டை போடும். நூல் காதுக்கு இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும். ஒரு மாதம் கழித்து அதே கை முதல் தடவையிலேயே கோர்த்துவிடும். அப்போது மற்றவர்கள் கை தட்டுவார்கள். ‘உனக்கு இப்போது தேவலையா’ என்று நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் தேவலை என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

முதல் வாரம் எனக்கு வேலை கிடையாது. அது டாக்டருடைய வேலை. பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், இல்லாத பூச்சியெல்லாம் சுவரில் ஊரும். அதற்கு ஆஸ்பத்திரியும் மாத்திரையும் வேண்டும். அதைத் தாண்டி வந்தவர்கள்தான் என் வட்டத்துக்கு வருவார்கள்.

இந்தச் சிறைக்கு நான் முதலில் வந்தது பாடம் நடத்த அல்ல. பாலக்காட்டு எல்லையில் சாராயப் பாட்டில்களோடு பிடிபட்டு வந்தேன். உள்ளே இருந்தபோதுதான் குடியை விட்டேன். வெளியே போய் அதே எல்லையோரத்துக் கோவிந்தாபுரம் பக்கத்து மாங்காய் மண்டி ஒன்றில் காய்க்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தபோது, சிறை வெல்ஃபேர் ஆபீசர் ஆள் அனுப்பினார். மலையாளத்துக்காரர். என்னிடம் பேசும்போது மட்டும் தமிழில் காலை நனைத்துக்கொள்வார்.

“சேச்சி, எங்க கவுன்சிலர் நல்லா படிச்ச குட்டி. பக்ஷே இவங்க அவகிட்ட வாயே திறக்க மாட்டாங்க. நீங்க சும்மா வந்து கூட இருந்தா மதி.”

“நான் ஆறாங்கிளாஸ் மேடம். என்னத்தச் சொல்லிக் குடுக்க?”

“சொல்லிக் குடுக்க வேண்டா. நீங்க இவிட கிடந்த ஆளல்லே? அது போதும்.”

இப்படி உள்ளே கிடந்ததே தகுதியாகி எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தேன். பள்ளிக்கூடத்தை யாரும் நிறுத்தவில்லை, நானே நின்றேன். ஓர் இடத்தில் நாலு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கம்பம்மெட்டில் ஏலக்காய் பறித்தேன். கீழே இறங்கி கம்பத்தில் திராட்சைக் கொடி கட்டினேன். ரோடு போடுகிற கூட்டத்துக்குச் சமைத்தேன். செங்கல் சூளையில் ஒரு கோடை. திரும்பவும் ஏலக்காய்.

குடி ஏலத்தோட்டத்தில்தான் ஒட்டிக்கொண்டது. மழை மாதங்களில் காலை முதல் மாலை வரை நனைந்துகொண்டே பறிப்போம். குளிருக்கென்று ஒரு மூடி. பிறகு மூடி டம்ளரானது. குடித்துவிட்டு வாயில் இரண்டு ஏலக்காயைப் போட்டு மெல்லுவோம். அந்த மலையில் குடிக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. கங்காணிக்கும் தெரியும். யாருடைய வாயாவது ஏலக்காய் மணந்தால், “என்னத்தா, காலையிலயே கடையத் தொறந்துட்டியா?” என்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செடியில் பறிக்கிற பச்சைக் காய்க்குப் பெரிய மணம் கிடையாது. அதை ஸ்டோர் என்கிற கட்டடத்தில் விறகுச் சூட்டில் இரவு பகலாக உலர்த்தி எடுத்தால்தான் மணம் வரும். நான் எத்தனையோ வருடம் பறித்தும் ஸ்டோருக்குள் கால் வைத்ததில்லை. குடிக்கிறவர்களை நெருப்புப் பக்கம் விடமாட்டார்கள். மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதனால் ஏலத்தோட்டத்திலேயே வேலை செய்துகொண்டு, வாய்க்குப் போட உலர்ந்த ஏலக்காயை ஜங்ஷன் பெட்டிக்கடையில் போய் வாங்கினவள் நான்.

நான் சொல்ல வந்தது இன்னொருத்தியைப் பற்றி.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் அவள் வட்டத்துக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கோவிந்தாபுரத்துக்கு உள்ளே தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். கணவன் லாரி விபத்தில் இறந்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாராயம் கலக்குகிற ஸ்பிரிட் கேன்களைத் தேங்காய் மட்டைக்கு அடியில் வைத்து வேனில் கொண்டுவரும்போது பிடித்தார்கள். ஓட்டினவன் குதித்து ஓடிவிட்டான். இவள் ஓடவில்லை. ஓடுகிற நிலையில் இல்லை.

முதல் நாளே தெளிவாகச் சொன்னாள். “நான் குடிக்கறவ இல்லீங்கக்கா. கள்ளுதானுங்க.”

வட்டத்தில் சிரிப்பு. எஸ்டேட்டிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரி ஒருத்தி இருந்தாள், வாயாடி. “அப்ப நாங்கல்லாம் கோயில் தீர்த்தமா குடிச்சோம்?” என்றாள்.

“எங்கூட்டுல கள்ளு மோராட்டங்க. தோப்பையே கள்ளு எறக்கத்தான் உட்டிருக்கறோம். சின்னப்புள்ளையில தலை வலிக்குதுன்னா ஒரு டம்ளர் குடுத்துப் படுக்க வெச்சிருவாங்க.”

“கள்ளுக்கு அப்புறம் என்ன புள்ள?” என்றேன்.

“அப்புறம் ஸ்பிரிட்டுங்க.” கொஞ்சம் யோசித்து, “தண்ணி கலந்துதானுங்க” என்றாள்.

வார்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கிழக்குப் பாலக்காட்டுக்காரர்கள் எல்லோரும் இந்த ஒரு கணக்கில் தப்பு செய்வார்கள். கள்ளைக் குடியில் சேர்க்க மாட்டார்கள். அதனால் எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஸ்பிரிட்டிலிருந்துதான் சொல்வார்கள். முந்தின இருபது வருடம் காணாமல் போய்விடும்.

அவளிடம் ஊசியைக் கொடுத்தேன். மூன்று தடவை முயன்றாள், விரலில் குத்திக்கொண்டாள். கோபத்தில் ஊசியை வீசி எறிந்துவிட்டாள். அதோடு அன்றைய பாடம் முடிந்தது. ஊசி கிடைக்கும் வரை யாரும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. பத்துப் பெண்கள், நான், வார்டர் எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். பாயை உதறினோம், தலைமுடியைப் பிரித்துப் பார்த்தோம். சாப்பாட்டு மணி அடித்தது. ஒருத்தி பசியில் அவளைத் திட்டத் தொடங்கினாள். கடைசியில் ஊசி அவள் சேலைக் கொசுவத்திலேயே குத்திக்கொண்டு நின்றிருந்தது.

“இத்தன பேரத் தவழ விட்டுட்டு மடியிலயே வச்சிருக்காளே!” என்று ஐம்பது வயதுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். ஊசியை எறிந்தவள் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த புதன்கிழமை, எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். ஆறாவது வாரம் ஒரே தடவையில் கோர்த்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய பெண் குழந்தை. ஆறு வயது, அண்ணன் வீட்டில் இருந்தது. தண்டனை முடிய ஒரு மாதம் இருக்கும்போது அவளுடைய அண்ணி, அவள் வாய்க்கு ‘நங்கையா’, பார்க்க வந்தார். திரும்பும்போது வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல உயரம், முகத்தில் எதையும் ஒளிக்கத் தெரியாத பெண்மணி.

“ஏனுங்க, நான் ஒளிவுமறைவில்லாமச் சொல்லிப்போடறேன். புள்ளையப் புடுங்கி வெச்சுக்கோணும்னு எனக்கு ஆசையில்லீங்க. எனக்கே ரெண்டு பசங்க இருக்கறானுங்க. ஆனா ஒருக்கா கொழந்தையப் பக்கத்துல உட்டுப்போட்டுக் கெணத்து மேட்டுல நெனவில்லாம உழுந்து கெடந்தா. அதப் பாத்த கண்ணுங்க இது.”

“எத்தன நாள் பாக்கணுங்கிறீங்க?”

“கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் தொடாம இருக்கட்டும். லீவுக்குப் புள்ளையத் தாட்டி உடறேன். பத்து நாளு நல்லபடியா வெச்சிருந்தா, சூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கறப்ப அவகிட்டயே இருக்கட்டும். ஆனா அவ சொல்றத நம்ப மாட்டனுங்க. நீங்க சொன்னா நம்பறேன்.”

அந்தப் பொறுப்பை நான் ஏற்றிருக்கக் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

வெளியே வந்தவளை ஊரில் விட முடியாது. அண்ணன் வீட்டுக் கொல்லையில் இறங்கி இருபது அடி நடந்தால் கள்ளுப் பானை. காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் வரை தோப்பே புளித்து மணக்கும். அதனால் அவளைக் கம்பம்மெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி ஏறி, மலையில் போய் இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. என் பழைய கங்காணி இப்போது ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர். கண்ணாடி போட்டிருந்தார், குரல் மாறவில்லை.

“நீயே ஒரு கேசு. இப்ப இன்னொரு கேசக் கூட்டியாந்திருக்க.”

“இது நல்ல கேசுண்ணே. நான் பொறுப்பு.”

“ஒன் பொறுப்பு எனக்குத் தெரியாதாக்கும்” என்றார். ஆனாலும் லயத்தில் ஓர் அறையும் பறிப்பு வேலையும் கொடுத்தார்.

சிறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொருத்திக்கும் நான் ஒரு சின்ன அட்டையில் குத்திய ஊசியும் கொஞ்சம் வெள்ளை நூலும் கொடுப்பது வழக்கம். அவளுக்கும் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். காலில் அட்டை கடிக்கிறது, குளிர்கிறது, பக்கத்து லயத்துக்காரி பேசும் தமிழ் பாதி புரியவில்லை, புடலங்காய் நட்டிருக்கிறேன், பாப்பா எப்படி இருக்கிறாள். பாப்பாவைப் பற்றிக் கேட்காமல் ஒரு போனும் முடியாது. நானும் அண்ணி வீட்டுப் பக்கம் போய், கூரை சிவப்பாகவும் சூரியன் பச்சையாகவும் குழந்தை வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

“அக்கா, ஒரு விசயம் இருக்குதுங்க. போன்ல சொல்ல மாட்டேன். நேர்ல வந்து சொல்றனுங்க.”

“என்ன விசயம் புள்ள?”

“நேர்லதானுங்க.”

எனக்கு அது பிடிக்கவில்லை. அவளோடு அதே மாதம் விடுதலையான இன்னொருத்தியும் என்னிடம் இப்படித்தான் நேரில் சொல்கிறேன் என்றாள். அவள் நேரில் வந்தது திரும்பவும் சிறை வட்டத்துக்குத்தான். அதில் எனக்கு ஆத்திரம் ஒன்றும் இல்லை. திரும்பி வருகிறவர்கள் வரத்தான் செய்வார்கள். பாய் விரித்து, முதலிலிருந்து ஊசி. ஆனால் இவள் விஷயத்தில் குழந்தை ஒன்று நடுவில் இருந்தது. குழந்தைக்கு என் வாய்ச்சொல் ஜாமீன்.

லீவு விட்ட மறுநாள் மதியம் அவள் வருவதாக இருந்தது. கோவிந்தாபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். டிசம்பரில் எங்கள் பக்கம் கிழக்கிலிருந்து காற்று விசிறி அடிக்கும். கண்ணில் மண் விழாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். பொள்ளாச்சி பஸ் வந்தது. அவள் இறங்கினாள். சதை போட்டிருந்தாள், மஞ்சள் சேலை, கையில் பெரிய ரெக்சின் பை.

“அக்கா!” என்று கத்திக்கொண்டே வந்து கட்டிப்பிடித்தாள்.

குப்பென்று ஏலக்காய் மணம். முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் சிவந்து கிடந்தன.

அந்த மணத்தையும் அந்தக் கண்ணையும் நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் முகத்திலேயே பல வருடம் இருந்தவை. பறிப்பு வேலை செய்கிறவளிடம் உலர்ந்த காய் மணம் எதற்கு வரும்? ஒரே காரணம்தான் எனக்குத் தெரியும்.

ஆட்டோவில் அவள் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“ஏனுங்கக்கா, மேலுக்குச் சொகமில்லீங்களா?”

“காத்து” என்றேன்.

அண்ணி வீட்டு வாசற்படியில் குழந்தை செருப்பு மாட்டி, பள்ளிப் பையை முதுகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எப்போதிலிருந்து அப்படி உட்கார்ந்திருந்ததோ. ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தது. பிறகு தலையைத் தூக்கி, “அம்மா, நீ பாயசமாட்ட மணக்கறே” என்றது.

அண்ணி சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, பேசிவைத்தபடி, என்னைப் பார்த்தார்.

நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. குழந்தை எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. குழந்தை முன்னால் எதுவும் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அவள் பக்கம் திரும்பிச் சொன்னேன். “வாயை ஊது.”

“என்னுங்கக்கா?”

“ஊது புள்ள. யார ஏமாத்துற? நானும் மென்னவதான்.”

அவள் ஊதவில்லை. குழந்தையின் தலையில் வைத்த கையையும் எடுக்கவில்லை. “அன்னிக்குப் புடிச்சப்ப செக்போஸ்டுல ஊதச் சொன்னாங்க, ஊதுனேன்” என்றாள் மெதுவாக. “நீங்களுமாக்கா?”

மட்டை ஒன்று தோப்பில் விழுந்த சத்தம் கேட்டது.

பிறகு அவள் படியில் உட்கார்ந்து ரெக்சின் பையின் ஜிப்பைத் திறந்தாள். அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். உள்ளே குழந்தைக்கு வாங்கிய பாவாடை, நீலத்தில் சரிகை வைத்தது, இன்னும் கடை மடிப்புக் கலையாதது. அதை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“மோந்து பாருங்க.”

ஏலக்காய் மணந்தது.

“ஏனுங்கக்கா, இந்தப் பாவாடையும் குடிச்சுப்போட்டு வந்திருக்குதுங்களா?”

அடுத்து ஒரு துண்டை எடுத்தாள். “இது?” சீப்பு. “இது சின்னது, ஒரு கிளாஸ்தான் அடிச்சிருக்கும்.” பிஸ்கட் பாக்கெட். ஆதார் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறை. எல்லாம் வரிசையாகப் படியில் வந்து உட்கார்ந்தன. “ஊதச் சொல்லுங்க எல்லாத்தையும்.”

அண்ணி குனிந்து பாவாடையை முகர்ந்தார். துண்டை முகர்ந்தார். பிறகு அவள் தலையைப் பிடித்து இழுத்துக் கொண்டையை முகர்ந்தார். “அடி இவளே, ஏலக்காய் மூட்டைக்குள்ள போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்களா உன்னிய?” என்றார்.

“ஸ்டோருல வேலைங்க நங்கையா. ரெண்டு மாசமாச்சு. அடுப்புக்கு நாந்தான் பொறுப்பு. நெருப்பு கூடினா காய் கருகிப்போகும், கொறஞ்சா நெறம் போயிரும். சூப்பர்வைசர் அண்ணன் வேற யாரையும் நம்ப மாட்டீங்கறாரு.” பிறகு என்னைப் பார்த்தாள். “இதத்தானுங்க நேர்ல சொல்லோணும்னு வெச்சிருந்தேன். கண்ணு பொகையிலதானுங்க செவந்து கெடக்குது.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ வருடம் அந்த மலையில் இருந்தேன். ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் உடம்பும் உடையும் அப்படி மணக்கும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று, ஏனென்றால் அந்த வாசலைத் தாண்ட என்னை ஒரு நாளும் விட்டதில்லை. வந்து ஐந்தாறு மாதமே ஆன அவளை நம்பி நெருப்பையே கொடுத்திருக்கிறார்கள். என் கங்காணி, என்னை மூட்டையோடு வாசலில் நிறுத்தின அதே மனிதர்.

“தப்பு என்னோடதுதான் புள்ள” என்றேன். குழந்தைக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். “ஒங்கம்மா ஒண்ணும் பண்ணல கண்ணு. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு.”

அவள் உடனே சமாதானம் ஆகவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தாள். சீப்பு வரை வைத்து முடித்தாள். அப்புறம்தான், “நீங்க மென்ன ஏலக்காய்க்கு நான் ஊதோணுமாக்கும்” என்றாள். அண்ணி சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் அவளுக்கும் அடக்க முடியவில்லை. எதற்கென்று தெரியாமல் குழந்தையும் சிரித்தது.

பாவாடையைப் போட்டுப் பார்த்தார்கள். நீளம். கால் கட்டைவிரல் வரை மறைத்தது. ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதைப் போன வருட நினைவில் கொஞ்சம் கூட்டி வாங்கியிருக்கிறாள், கூட்டினது அதிகமாகிவிட்டது. “மடிச்சுத் தெக்கறேன், சித்த அசையாம நில்லு சாமி” என்று பையின் பக்கவாட்டு ஜிப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். நான் கொடுத்த அட்டை. ஊசி துருப்பிடிக்காமல் இருந்தது. நூலை வாயில் நனைத்து, ஒரே தடவையில் கோர்த்தாள்.

ஒன்றை உள்ளபடி சொல்ல வேண்டும். குடிக்காததற்கு ஊசி சாட்சி ஆகாது. தினமும் குடிக்கிறவளுக்கு ஒரு கிளாஸ் உள்ளே போனதும் கை கல் மாதிரி நின்றுவிடும், என்னால் அப்போது பத்து ஊசி கோர்க்க முடிந்திருக்கும். அதனால் அன்றைக்கு அவள் கோர்த்தது எனக்கு எதையும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தையைச் சுற்றி முட்டிபோட்டு நகர்ந்து நகர்ந்து அவள் ஓரம் அடித்தாள். தையல் கோணலாகத்தான் போயிற்று. தைக்க அவளுக்குச் சிறையிலும் வரவில்லை.

அண்ணி சாப்பாடு போட்டார். கொள்ளுப் பருப்பும் சோறும். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. குழந்தையின் பள்ளிப் பையை அவரே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார். இரண்டு பையன்களும் வந்து வழியனுப்பினார்கள். ஆட்டோ கிளம்பும்போது குனிந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

“இனி உங்ககிட்ட ரோசனை கேக்க மாட்டனுங்க.”

“கேக்காதீங்க” என்றேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது.

அன்று இருவரும் என் அறையில் தங்கிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் மலைக்குப் போனார்கள். குழந்தை ஜன்னல் ஓரம். நான் கையசைத்ததைப் பார்க்கவில்லை. பழனியில் மலைமேல் ரயில் போகுமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் புதன்கிழமை வட்டத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். பாவாடையை ஊதச் சொன்ன இடத்தில் ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பாயில் சாய்ந்துவிட்டாள். ஐம்பது வயதுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வழக்கு இன்னும் முடியவில்லை, வட்டத்தில் இப்போது அவள்தான் மூத்தவள்.

“இத்தன நாளா எங்க கையவே பாத்துட்டு இருக்கியே. ஒங்கையில என்னைக்காச்சும் ஊசியக் குடுத்தோமா?” என்றாள்.

அது உண்மை. ஊசியைக் கொண்டுவருவேன், கொடுப்பேன், திரும்ப வாங்குவேன். ஒரு நாளும் நான் கோர்த்ததில்லை. அவள் ஊசியை என் பக்கம் நீட்டினாள். முதல் தடவை நூல் வெளியே போயிற்று. இரண்டாவது தடவையும். மூன்றாவதும். ஐம்பது வயதுக்காரி என் விரலையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நடுக்கமாத்தா?”

“கண்ணு தெரியல.”

“எல்லாரும் அதான் சொல்லுதோம்.”

நாலாவது தடவை போயிற்று. கை தட்டினார்கள். வார்டரும் தட்டினார். அன்றிலிருந்து ஊசி முதலில் என்னிடம்தான் தொடங்குகிறது. வெல்ஃபேர் ஆபீசர் எனக்கு ஒரு கண்ணாடிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றிருக்கிறார். எங்கே போனாலும் நாலு மாதத்தில் அரிக்கிற கால் இந்த ஊரில் ஏனோ இன்னும் அரிக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் என் கங்காணி அவளுக்குப் பகல் வேலையாக மாற்றிக் கொடுத்தார் என்று போனில் சொன்னாள். குழந்தை ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து சூரியன் வரைகிறதாம், இப்போதும் பச்சை நிறத்தில்தான். பத்தாம் நாள் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து அண்ணி வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அழுகை இரண்டு பக்கமும் இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் ஞாயிறு அண்ணி போன் செய்தார்.

“ஏனுங்க, புள்ளை தலைக்கு மூணு தடவை சீயக்காய் போட்டுத் தேச்சுட்டேனுங்க. அந்த ஏலக்காய் மணம் போகவே மாட்டீங்குது. டீச்சரு கூடக் கேட்டாங்களாம்.”

“இன்னொரு தடவ தேச்சுப் பாருங்க.”

“இல்லீங்க, உட்டுட்டேன்” என்றார். “சூன் மாசம் எப்படியும் அங்கதானுங்க போகுது.”